ராப்பா நூயியை அளந்தவர்களுக்கு ஒரு மடல்

ராப்பா நூயித் தீவின் மோவாய்ச் சிலைகளைப் பற்றிய களக் குறிப்பேடு, ஒளிப்படம், வரைபடம், முப்பரிமாணப் பதிவு என எதையாவது தங்கள் அலமாரியில் வைத்திருக்கும் அருங்காட்சியகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் புவியியல் கழகங்களுக்கும்,

வணக்கம்.

2022 அக்டோபர் தொடக்கத்தில் ரானோ ராராக்கு எரிமலைச் சரிவில் காய்ந்த புல் பற்றிக்கொண்டது. நூறு ஹெக்டேருக்கும் மேல் எரிந்து அடங்கியபோது, மண்ணில் புதைந்து தலை மட்டும் தெரிய நிற்கும் மோவாய்கள் பல கரியேறி நின்றன. பசிபிக் கடலில் உள்ள, ஈஸ்டர் தீவு என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த இடத்தின் கற்குவாரி அது. தீவின் சிலைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அங்கே செதுக்கப்பட்டவை. கிட்டத்தட்ட நானூறு சிலைகள் அந்த மலையை விட்டு வெளியே போகாமலே நின்றுவிட்டன. பெருந்தொற்றுக்காக இரண்டு வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்த தீவு அந்த ஆகஸ்டில்தான் பயணிகளுக்குத் திறந்திருந்தது. சிலைகள் நிற்கும் தேசியப் பூங்காவைப் பராமரிக்கும் பணத்தில் பெரும்பகுதி நுழைவுச் சீட்டில் வருவது. அப்படிக் கையிருப்பு வற்றிப்போயிருந்த நேரத்தில் இந்தத் தீ.

தீ அணைந்த பிறகு அங்கே போய் நிற்கும் பராமரிப்பாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது. இந்தக் கன்னத்தில் ஓடும் விரிசல் தீயால் வந்ததா, ஏற்கெனவே இருந்ததா? மூக்கு நுனி இப்போது பெயர்ந்ததா, ஐம்பது வருடத்துக்கு முன்பே போய்விட்டதா? கல்லைப் பார்த்து மட்டும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பழைய படம் வேண்டும், தேதி போட்ட படம். அந்தப் படங்களில் மிகப் பெரும்பகுதி தீவில் இல்லை. லண்டனில், ஆஸ்லோவில், பிரஸ்ஸல்ஸில், வாஷிங்டனில், சாண்டியாகோவில், லாஸ் ஏஞ்சலிஸில், உங்களிடம் இருக்கின்றன. அவற்றைக் கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்களில் யாருக்கும் என்னைத் தெரியாது. நான் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து ஏரிக்கரைகளிலும் கொல்லைகளிலும் விடுமுறை நாட்களில் நடுகல் தேடிப் போகிறவன். கண்டால் அளந்து, படமெடுத்து, முடிந்தால் மைப்படி எடுத்து வைப்பேன். மோவாயின் முன்னால் நான் நின்றதில்லை. தமிழில் மோவாய் என்றால் முகவாய்க்கட்டை. அந்தச் சிலைகளின் நீண்டு முன்தள்ளிய முகவாயைப் பார்க்கும் தமிழருக்கு இந்தப் பெயர் ஒருமுறை கேட்டால் மறக்காது. இரண்டு மொழிகளும் தற்செயலாக மோதிக்கொண்ட இடம், அவ்வளவுதான். ஆனால் என் ஆர்வம் அங்கிருந்துதான் தொடங்கியது.

கல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கருங்கல்லை மனதில் வைத்துக்கொண்டு மோவாயை நினைக்கக் கூடாது. ரானோ ராராக்குவின் கல், எரிமலைச் சாம்பலும் சிறு கற்துண்டுகளும் சேர்ந்து இறுகியது. டோக்கி என்ற பசால்ட் கல் உளியால் கொத்தினால் செதுங்கிக் கொடுக்கும். இரும்பே இல்லாத மக்கள் சராசரி நான்கு மீட்டர் உயரச் சிலைகளை வடிக்க முடிந்ததற்கு அந்த மென்மையும் ஒரு காரணம். அதே மென்மைதான் இப்போது எமனாக நிற்கிறது. மழைநீர் கல்லுக்குள் இறங்குகிறது, வெயிலில் காய்கிறது, மறுபடி நனைகிறது. கடற்காற்று கொண்டுவரும் உப்பு நுண்துளைகளில் படிகமாகி உள்ளிருந்து தள்ளுகிறது. நம் வீட்டு மசாலாவில் போடும் கல்பாசி இருக்கிறதே, அந்த இனத்தைச் சேர்ந்தவை வெள்ளை வெள்ளையாகச் சிலையின் மேல் படர்ந்து, பிடிமானத்துக்காகக் கல்லைத் துளைக்கின்றன. மாடும் குதிரையும் வந்து முதுகு சொறிந்துகொள்வது தனி. போதாததற்குத் தீ வந்தால், சூடேறிய மேல்தோல் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும்.

செதிலோடு போவது முகத்தின் வடிவம் மட்டும் இல்லை. முதுகில் செதுக்கிய தோணியும் இடுப்புப் பட்டையும் விரல் நகங்களும் அந்த மேல்தோலில்தான் இருக்கின்றன. ரானோ ராராக்குவில் மண்ணுக்கடியில் புதைந்திருந்த உடல்களைத் தோண்டிப் பார்த்தபோது, மண் மூடியிருந்த பகுதியில் செதுக்கல்கள் கூர்மை குறையாமல் இருந்தன. மேலே வானம் பார்த்த தலைகளோ மழுங்கிப்போயிருந்தன. ஒரே சிலை, ஒரே கல். வெளியில் நின்ற காலம் எவ்வளவு தின்றிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கல்லை இறுக்கவும் நீர் புகாமல் தடுக்கவும் பூச்சுகள் உண்டு. தீவில் 1980களிலிருந்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லாச் சிலைக்கும் அடித்துவிட்டுப் போகிற சங்கதி அல்ல அது. உப்பு உள்ளேயே மாட்டிக்கொண்டால் பூச்சே கேடாக முடியும். சில வருடம் கழித்து மறுபடி பூச வேண்டும். செலவோ தீவின் சக்திக்கு மீறியது. அதனால் எந்தச் சிலைக்கு முதலில் என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. வேகமாகத் தேய்கிற சிலை எது என்று தெரிந்தால்தானே தேர்ந்தெடுக்க முடியும்?

அதைச் சொல்லக்கூடியவை உங்கள் பெட்டிகள். பிரிட்டிஷ் ஆய்வாளர் கேத்தரின் ரௌட்லெட்ஜ் 1914 முதல் 1915 வரை அந்தத் தீவில் தங்கிப் படமெடுத்தார், வரைந்தார், தோண்டினார். 1934இல் ஆல்ஃபிரட் மெட்ரோவும் ஆன்றி லாவாஷெரியும் பிராங்கோ-பெல்ஜியப் பயணக் குழுவில் வந்தார்கள். 1955இல் தோர் ஹெயர்டாலின் நார்வேக் குழு வந்தது. அப்புறம் அமெரிக்கத் தொல்லியலாளர் வில்லியம் முல்லோய், சிலி பல்கலைக்கழகத்தார், இன்னும் பலர். ஒரே சிலையை ஏறத்தாழ இருபது வருட இடைவெளியில் இத்தனை பேர் படமெடுத்திருக்கிறார்கள். அந்தப் படங்களை ஒரே மேசையில் வரிசையாக வைத்தால் அதுவே ஓர் அளவுகோல். இந்தப் புருவம் 1914இல் இப்படி, 1955இல் இப்படி, இன்று இப்படி. எந்த ஆய்வுக்கூடமும் புதிதாகத் தயாரித்துத் தர முடியாத தரவு இது, ஏனென்றால் 1914க்கு யாராலும் திரும்பிப் போக முடியாது. அந்த மேசை தீவின் ஊரான ஹங்கா ரோவாவில் இருக்க வேண்டும் என்கிறேன்.

எண்ணிக்கையையும் பாருங்கள். 1886இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் மொஹிக்கனில் வந்த வில்லியம் தாம்சன் சில நாட்கள் மட்டும் தங்கி 555 சிலைகளை எண்ணினார். போகும்போது வாஷிங்டனுக்கு ஒரு மோவாயையும் கொண்டுபோனார்கள். பாதிரியார் செபாஸ்டியன் எங்லெர்ட் பல வருடம் தீவிலேயே வாழ்ந்து 638 என்று கணக்கிட்டார். அமெரிக்கத் தொல்லியலாளர் ஜோ ஆன் வான் டில்பர்க்கின் பட்டியல் 887க்கு வந்தது, அதற்குப் பிறகும் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. 2023இல் ரானோ ராராக்குவின் வற்றிய ஏரித் தரையில் கூடப் புதிதாக ஒரு சிறிய மோவாய் தென்பட்டது. வந்தவர் ஒவ்வொருவரும் தன் கணக்குக்குத் தனித்தனி எண் கொடுத்தார்கள். ஆகவே ஒரே சிலைக்கு நான்கைந்து எண்கள். ரௌட்லெட்ஜின் எண் எங்லெர்ட்டின் எந்த எண்ணுக்குச் சமம் என்று ஒப்பிட்டுச் சொல்லும் அட்டவணை இல்லாமல் படத்தை மட்டும் கொடுத்தால் பாதி வேலைதான் ஆகும். இதைத் தனியாக அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நகல் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

சிலையை விட்டுவிட்டு மனிதர்களுக்கு வருகிறேன். 1862இல் பெரு நாட்டு அடிமை வணிகர்கள் அந்தத் தீவில் ஆள் பிடித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். உயிரோடு திரும்பிய சிலரோடு பெரியம்மையும் வந்தது. 1877இல் தீவில் மிஞ்சியவர்கள் 111 பேர். நூற்றுப் பதினொன்று. ஒரு கல்யாணப் பந்தியில் உட்காரும் கூட்டம். சிலையின் பெயர், அது எந்தக் குலத்தின் மூதாதை, சிலைகளை நிறுத்தும் அஹு என்ற கல்மேடைகளில் எதில் யார் நின்றார் என்ற நினைவெல்லாம் அந்த 111 பேருக்குள் அடங்கிவிட்டது. தீவுக்கே உரிய ரோங்கோரோங்கோ எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் எவரும் எஞ்சவில்லை. ரௌட்லெட்ஜ் வந்த காலத்தில் இன்னும் சில முதியவர்கள் உயிரோடு இருந்தார்கள். ஹுவான் டெப்பானோ என்ற தீவுக்காரர் கூடவே இருந்து விளக்கிச் சொல்ல, அவர்களிடம் கேட்டதையெல்லாம் அந்த அம்மையார் எழுதிக்கொண்டார். அதில் அச்சுக்கு வந்தது கொஞ்சம்தான். மீதி லண்டனில் ராயல் புவியியல் கழகத்தின் காகிதக் கட்டுகளில் இருக்கிறது.

அந்த முதியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் இன்று ஹங்கா ரோவாவில் வாழ்கிறார்கள். தம் பாட்டன் சொன்னதை வாசிக்க அவர்கள் பாதி உலகத்தைத் தாண்டிப் போக வேண்டுமா?

இன்னொன்று. சிலி 1888இல் தீவை இணைத்துக்கொண்ட பிறகு, அது செம்மறி ஆட்டுப் பண்ணையாகக் குத்தகைக்குப் போனது. ராப்பா நூயி மக்களை ஹங்கா ரோவாவில் ஒரு சுவருக்குள் அடக்கி வைத்தார்கள். ஆடுகளுக்கு மீதித் தீவு. பண்ணை 1953 வரை நீடித்தது. அவர்களுக்கு முழுக் குடியுரிமை கிடைத்தது 1966இல். ரௌட்லெட்ஜ் அங்கிருந்த 1914இல்தான் அங்காத்தா என்ற முதிய பெண் தலைமையில் மக்கள் நிலத்தையும் கால்நடையையும் திருப்பிக் கேட்டு எழுந்தார்கள். அதாவது, வெளியிலிருந்து வந்த ஆய்வாளர் அளவு நாடாவோடு எங்கும் நடக்க முடிந்த காலத்தில், சிலையின் வாரிசுகள் தம் பாட்டன் நின்ற மேடைக்குப் போக அனுமதி கேட்க வேண்டியிருந்தது. உங்கள் குறிப்பேடுகள் அந்த நிலைமையில் எழுதப்பட்டவை. எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அந்தக் குறிப்புகளை இன்றும் வெளியூரிலேயே வைத்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் இடிக்கப்படவில்லை என்றே அர்த்தம்.

என் கதையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. 2011இல் ஓர் ஏரிக்கரையில் வேடியப்பன் கல் ஒன்றைப் படமெடுத்தேன். வில்லேந்திய வீரன், காலடியில் வட்டெழுத்தில் நான்கு வரி. ஊரார் வருடம் ஒருமுறை பொங்கல் வைத்துக் கும்பிடும் கல். படத்தை எடுத்தேன், கணினியில் ஏற்றினேன், வந்த வேலை முடிந்தது என்று அடுத்த ஊருக்குப் போய்விட்டேன். பல வருடம் கழித்து மறுபடி போனபோது ஊரார் ஆசையாகச் சின்ன மண்டபம் கட்டியிருந்தார்கள். தரையைச் சிமெண்டு போட்டு உயர்த்தியதில் கீழ் இரண்டு வரி உள்ளே போய்விட்டது. ஒரு பெரியவர் என்னை அடையாளம் கண்டு, "சாமி காலடியில என்னமோ எழுதியிருந்துச்சே, நீங்கதானே படம் புடிச்சீங்க, இருக்குதா?" என்று கேட்டார். இருந்தது. என் வீட்டு மேசை டிராயரில் ஒரு ஹார்ட் டிஸ்கில் அத்தனை வருடமும் இருந்தது. அன்றே ஒரு பிரதி எடுத்துச் சட்டம் போட்டு அந்த ஊரில் கொடுத்திருந்தால், மண்டபம் கட்டும்போது கொத்தனார் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார். தரையை ஒரு சாண் தாழ்த்தியிருப்பார். கொடுக்கக் கூடாது என்று நான் நினைக்கவே இல்லை. கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. இப்போது அந்தப் படம் மண்டபத்துச் சுவரில் தொங்குகிறது. கல்வரி மட்டும் சிமெண்டுக்குள் இருக்கிறது.

பதிவு ஊருக்குப் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களில் படமெடுத்து, அந்தத் தொகுப்பை இங்கேயே வைத்தது. விருத்தாசலம் கோயிலிலிருந்து களவுபோய் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் நின்ற அர்த்தநாரீசுவரர் 2014இல் நாடு திரும்பியதற்கு அந்தப் படம் சாட்சியாக நின்றது. எடுத்தது பிரெஞ்சு நிறுவனம். வைத்த இடம்தான் காரியம் செய்தது.

நான் கேட்பது இதுதான். உங்களிடம் உள்ள ஒவ்வொரு நெகட்டிவ், குறிப்பேட்டுப் பக்கம், வரைபடம், லேசர் பதிவு, டிரோன் படம் ஆகியவற்றின் முழுத் தரமுள்ள நகலை ஹங்கா ரோவாவில் உள்ள எங்லெர்ட் மானுடவியல் அருங்காட்சியகத்துக்கும், 2017 கடைசியிலிருந்து பூங்காவை நிர்வகிக்கும் ராப்பா நூயி மக்களின் அமைப்பான மாவு ஹெனுவாவுக்கும் கொடுங்கள். இணையத்தில் ஏற்றிய சிறிய படம் போதாது. விரிசலின் அகலத்தை அதில் அளக்க முடியாது. முப்பரிமாணப் பதிவு என்றால் சுழற்றிப் பார்க்கும் அழகான மாதிரியை மட்டும் அனுப்பாமல் மூலக் கோப்புகளையும் அனுப்புங்கள். எந்தத் தேதியில், எந்தக் கருவியால், எந்த இடத்திலிருந்து என்ற விவரம் கூடவே போகட்டும். பயன்படுத்தக் கட்டணம் கேட்காதீர்கள். தம் மூதாதையின் படத்தைப் பள்ளிப் புத்தகத்தில் போட ராப்பா நூயி ஆசிரியர் உரிமைத் தொகை கட்டுவது எந்த நியாயத்திலும் சேராது.

தீவில் இதையெல்லாம் பாதுகாக்க வசதி உண்டா என்று கேட்பீர்கள். அந்த அருங்காட்சியகத்தில் வில்லியம் முல்லோயின் பெயரில் ஒரு நூலகமே இயங்குகிறது. மோவாயின் கண்குழி வெறும் குழி அல்ல, வெள்ளைப் பவளத்தில் கண் பொருத்துவதற்கான இடம் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1978இல், அனாகேனா கடற்கரை அகழாய்வில். அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய செர்ஜியோ ராப்பு அந்தத் தீவில் பிறந்தவர். வான் டில்பர்க்கின் சிலைத் திட்டத்தில் கூட்டாக வழிநடத்தி வரைந்து தந்த கிறிஸ்டியான் அரேவாலோ பகாராத்தியும் ராப்பா நூயிக்காரர்தான். திறமைக்கு அங்கே குறையில்லை. ஈரப்பதம் தடுக்கும் அறையும் சர்வரும் சம்பளமும் குறையாக இருந்தால், நகலோடு அதற்கான பணத்தையும் சேர்த்து அனுப்பலாமே. உங்கள் அடுத்த களப்பயணத்தின் செலவுத் திட்டத்தில் அதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

எல்லாவற்றையும் உலகத்துக்கே திறந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இதை யோசித்துத்தான் எழுதுகிறேன். முன்னோர் எலும்பு இருக்கும் குகைகளின் இடக்குறிப்பு வெளியே போனால் அடுத்த வாரம் அங்கே திருடன் நிற்பான். நடுகல் தேடுகிற எங்களுக்கே அந்த அனுபவம் உண்டு. எதைத் திறப்பது, எதை மூடிவைப்பது, எது தபூ, அதாவது தொடக் கூடாதது என்பதைத் தீவில் உள்ளவர்கள் முடிவு செய்யட்டும். முதலில் அவர்கள் கைக்குப் போகட்டும்.

இது நடக்காத காரியமும் இல்லை. ஆஸ்லோவில் உள்ள கோன்-டிக்கி அருங்காட்சியகம், ஹெயர்டால் கொண்டுபோன பொருட்களைத் திருப்பித் தர 2019இல் உடன்படிக்கை செய்தது. 1870இல் சிலிக் கடற்படைக் கப்பல் எடுத்துப்போன மோவாய் டாவு, நூற்றைம்பது வருடம் சாண்டியாகோவில் இருந்துவிட்டு 2022இல் ஊர் திரும்பியது. எழுநூறு கிலோ கல்லே கடல் தாண்டித் திரும்புகிறது. காகிதம் திரும்பாதா?

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1868இல் டோபாஸ் கப்பல் தீவின் ஓரோங்கோவிலிருந்து எடுத்துவந்த ஹோவா ஹாகானானாயா என்ற மோவாய் உங்கள் கூடத்தில் நிற்கிறார். எடுத்தபோது அவர் உடம்பில் சிவப்பும் வெள்ளையுமாகச் சாயம் இருந்தது. வந்த வழியிலேயே அது போய்விட்டது. அந்தச் சாயத்துக்கு இன்று எழுத்துக் குறிப்புதான் சாட்சி. அவர் வீடு திரும்ப வேண்டும் என்பது என் கருத்து. 2018இல் தீவின் பிரதிநிதிகள் லண்டன் வந்து கண்ணீரோடு கேட்டதும் அதுவே. அருங்காட்சியகப் பொருளை விட்டுக்கொடுக்க விடாமல் 1963ஆம் வருடச் சட்டம் கையைக் கட்டுகிறது என்பீர்கள். சரி. அந்தச் சட்டம் ஒளிப்பட நகலைத் தடுக்கவில்லையே. ரௌட்லெட்ஜ் பயணத்தின் படங்களும், இந்த மோவாயின் முதுகில் உள்ள பறவை மனிதச் செதுக்கல்களை 2012இல் ஒளியை மாற்றி மாற்றிப் பதிவுசெய்த கோப்புகளும் முழுசாகத் தீவுக்குப் போகட்டும். இதற்கு எந்த நாடாளுமன்றமும் கூட வேண்டியதில்லை.

காலம் அதிகம் இல்லை. 1960 மே மாதம் சிலியில் வந்த நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலை தீவின் கரையோரம் டோங்காரிக்கி மேடையில் இருந்த 15 மோவாய்களையும் பஞ்சு மாதிரித் தூக்கி உள்நிலத்தில் வீசியது. தொல்லியலாளர்கள் கிளாவுதியோ கிறிஸ்டினோவும் பத்ரிசியா வர்காசும் ஜப்பானியக் கிரேனின் உதவியோடு 1990களில் அவற்றை மறுபடி நிமிர்த்தினார்கள். கடல்மட்டம் இப்படியே ஏறினால் 2080 வாக்கில் பருவ அலைகளே அந்த மேடையைத் தொடும் என்று 2025இல் ஓர் ஆய்வு வந்தது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் அதை முன்னின்று செய்தவர் தீவின் பிள்ளை. கடற்கரையின் அளவுகள் கையில் இல்லாமல் அப்படி ஒரு கணக்கைப் போட முடியாது.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் எரிந்த சரிவிலிருந்து தொடங்குங்கள். 2022 அக்டோபருக்கு முன் ரானோ ராராக்குவில் எடுத்த எதுவானாலும், மங்கிய நெகட்டிவானாலும், மாணவர் ஒருவர் கிறுக்கிய அளவுத்தாளானாலும், தேதியையும் சிலை எண்ணையும் எழுதி இந்த வருடத்துக்குள் ஹங்கா ரோவாவுக்கு அனுப்புங்கள். கரியேறிய ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் அதன் பழைய முகத்தை வைத்துப் பார்க்க அங்கே ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
நடுகல் தேடிப் போகும் ஒருவன்